தட்டானுக்குப் பெயர் வைத்த பண்டிதர்

புதுச்சேரி நகரில் தட்டாஞ்சாவடி என்று ஒரு பகுதி இருக்கிறது. தொழிற்பேட்டை அமைந்த இடம். மழைக்காலம் நெருங்கினால் அந்தி நேரத்தில் காலி மனைகளின் மேலே தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். அதைப் பிடித்து வாலில் நூல் கட்டி விளையாடாத பிள்ளைகள் நம் நாட்டில் குறைவு.

தட்டான் என்றால் பூச்சி. தட்டான் என்றால் பொன் வேலை செய்கிறவரும்தான். சாவடியின் பெயரில் இருப்பவர் பொன் வேலைக்காரராக இருக்கவேண்டும் என்றுதான் தோன்றும். பூச்சிக்கு யார் சாவடி கட்டப் போகிறார்கள்? ஆனாலும் ஒரே சொல் இரண்டு பேரைக் குறிக்கிறது. அது மட்டுமல்ல. சிவப்புத் தட்டான், மஞ்சள் தட்டான், ஊசித் தட்டான் என்று தட்டானிலேயே பல வகை. ஓர் ஊரில் ஒரு பெயர். அடுத்த ஊரில் அதற்கே தும்பி என்று வேறு பெயர்.

இந்தக் குழப்பம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. உலகம் முழுவதும் இருந்தது. அதைத் தீர்க்க ஒருவர் தம் வாழ்நாளையே செலவிட்டார். மழைக்கு முன்னே வரும் அந்த மஞ்சள் தட்டானுக்கு 1798-ம் ஆண்டில் பெயர் வைத்தவர் அவர். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, தட்டான் இனம் முழுவதற்கும் ஒரு குலப் பெயர் கொடுத்தவரும் அவரே. ஒடொனாட்டா என்பது அந்தக் குலப் பெயர். கிரேக்க மொழியில் பல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தட்டானின் தாடையில் பல் இருப்பதைக் கவனித்து அப்படி வைத்தார்.

இத்தனைக்கும் அவர் தமிழ்நாட்டில் காலடி வைத்ததே இல்லை. பனி பெய்யும் வடதேசத்தில் பிறந்து, அங்கேயே இறந்தவர்.

இரண்டு பெப்ரீசியஸ்கள்

அவர் பெயர் ஜோகான் கிறிஸ்தியான் பெப்ரீசியஸ்.

பெப்ரீசியஸ் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். சென்னையில் இருந்து தமிழ் - ஆங்கில அகராதி செய்த பாதிரியார் அவர். ஜோகான் பிலிப் பெப்ரீசியஸ் என்று பெயர். 1779-ம் ஆண்டில் அந்த அகராதி வேப்பேரியில் அச்சாகியது. புரசைவாக்கத்தில் அவர் பெயரால் பள்ளிக்கூடமும் உண்டு.

அவர் வேறு, இவர் வேறு. ஆனால் இவரும் ஓர் அகராதிக்காரர்தான். பாதிரியாரின் அகராதி வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 1778-ல், இவருடைய நூல் ஒன்று ஜெர்மனியில் வெளிவந்தது. பூச்சியின் உடம்பில் எந்தப் பகுதிக்கு என்ன சொல், எந்த மேட்டுக்கு என்ன பெயர், எந்தப் பள்ளத்துக்கு என்ன பெயர் என்று அதில் வரையறுத்தார். ஒருவர் தமிழ்ச் சொற்களைத் தொகுத்தார். மற்றவர் பூச்சி உடம்பைச் சொல்லாக்கினார்.

வைத்தியர் வீட்டுப் பிள்ளை

டென்மார்க் தேசத்தின் தென்கோடியில் டோண்டர் என்று ஒரு சிறிய ஊர். லேஸ் பின்னலுக்குப் பேர் போனது. அங்கே 1745-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி பெப்ரீசியஸ் பிறந்தார். தகப்பனார் வைத்தியர்.

வைத்தியர் வீட்டுப் பிள்ளை வைத்தியத்துக்குப் படிப்பது அக்காலத்து வழக்கம். அந்தக் காலத்து வைத்தியப் படிப்பில் செடி கொடி, பிராணிகள் எல்லாம் அடக்கம். 17 வயதில் கோபன்ஹேகன் நகருக்குப் படிக்கப் போனார். ஆனால் அவர் மனம் அங்கே நிற்கவில்லை. சுவீடன் தேசத்தில் உப்சாலா என்ற ஊரில் லின்னேயஸ் என்ற மகா பண்டிதர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். உலகத்தில் உள்ள செடி, கொடி, விலங்கு, பறவை எல்லாவற்றுக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் அவர். நெல்லுக்கும் நாய்க்கும் மனிதனுக்கும் இன்றுள்ள விஞ்ஞானப் பெயர் அவர் வைத்ததுதான். அவரிடம் படிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவருடன் உப்சாலாவுக்குப் புறப்பட்டுவிட்டார் பெப்ரீசியஸ்.

அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்தார். அது கிட்டத்தட்ட நம்முடைய குருகுல வாசம் போன்றது. கோடைக்காலத்தில் லின்னேயஸ் ஊருக்கு வெளியே ஹம்மர்பி என்ற கிராமத்துப் பண்ணைக்குப் போய்விடுவார். சீடர்களும் பின்னாலேயே போய், பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டில் தங்கிக்கொள்வார்கள். காலை 6 மணிக்கே குரு அங்கே வந்துவிடுவார். சீடர்களுடன் காலை உணவு சாப்பிடுவார். பிறகு 10 மணி வரை பாடம். மாலையில் மறுபடியும் சந்திப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் லின்னேயஸ் குடும்பத்தோடு வருவார். குடியானவர் ஒருவர் பிடில் வாசிப்பார். களஞ்சியத்தில் நாட்டியம் நடக்கும். பண்டிதர் ஒரு பக்கம் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டே பார்ப்பார். சில சமயம் எழுந்து இளைஞர்களோடு தாமும் ஓர் ஆட்டம் ஆடுவார். இதையெல்லாம் பின்னாளில் பெப்ரீசியஸே எழுதி வைத்திருக்கிறார். உலகம் போற்றிய மேதை வீட்டுக்குள்ளே எப்படி இருந்தார் என்பது நமக்குத் தெரிவதற்கு அந்தச் சீடரே முக்கிய காரணம்.

வாயைப் பார்த்தவர்

குருவிடம் எவ்வளவு பக்தி இருந்தாலும், ஒரு விஷயத்தில் பெப்ரீசியஸ் தனி வழியில் போனார்.

லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகை வைத்துப் பிரித்தார். இரண்டு சிறகு உள்ளது ஈ, கொசு. சிறகில் தூள் படிந்தது வண்ணத்துப்பூச்சி. மேல் சிறகு ஓடாகிப் போனது வண்டு. பார்த்தவுடன் தெரிவதால் இது எளிது.

பெப்ரீசியஸ் பூச்சியின் வாயைப் பார்த்தார். ஒரு பூச்சி கடித்துத் தின்கிறதா, உறிஞ்சிக் குடிக்கிறதா, நக்கிச் சாப்பிடுகிறதா என்பதில்தான் அதன் வாழ்க்கை இருக்கிறது என்பது அவர் கட்சி. வெட்டுக்கிளிக்குக் கத்தரி போன்ற தாடை. மூட்டைப்பூச்சிக்கு ஊசி. வண்ணத்துப்பூச்சிக்குச் சுருட்டி வைத்த குழல். ஒரே தோட்டத்தில் இருந்தாலும் ஒன்றின் தொழில் மற்றொன்றுக்கு வராது. பயிருக்கு மருந்து தெளிக்கும் விவசாயிக்கு இது நன்றாகத் தெரியும். இலையைக் கடிக்கும் புழுவுக்கு ஒரு மருந்து. சாற்றை உறிஞ்சும் பூச்சிக்கு வேறு மருந்து.

ஆனால் கொசுவின் வாயைப் பார்ப்பது சாதாரண வேலையா? பூதக் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் அளவற்ற பொறுமையும் வேண்டும். பின்னால் வந்தவர்கள் வாய் ஒன்றையே நம்பாமல், சிறகு, கால், உடல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதுதான் சரி. என்றாலும் சிறகுக்கு அப்பாலும் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது பெப்ரீசியஸின் பிடிவாதமே.

காட்சிச்சாலை இல்லாத பேராசிரியர்

1775-ம் ஆண்டு அவருக்குக் கீல் நகரத்து சர்வகலாசாலையில் பேராசிரியர் உத்தியோகம் கிடைத்தது. இயற்கை நூலும் பொருளாதாரமும் கற்பிக்க வேண்டும். கீல் இன்று ஜெர்மனியில் இருக்கிறது. அப்போது டென்மார்க் மன்னர் ஆட்சியில் இருந்தது.

வேலைக்குச் சேரும்போது, இயற்கைப் பொருட் காட்சிச்சாலையும் தாவரத் தோட்டமும் அமைத்துத் தருவதாக வாக்குறுதி கொடுத்தார்கள். காட்சிச்சாலை வரவில்லை. தோட்டமும் வரவில்லை. மனம் வெறுத்து மூன்று முறை உத்தியோகத்தை விட்டுவிடப் பார்த்தார். மாணவர்கள் கெஞ்சிக் கேட்டு அவரை நிறுத்தி வைத்தார்கள்.

இங்கேதான் பெப்ரீசியஸின் வாழ்க்கையில் முக்கியமான சங்கதி வருகிறது. பூச்சி ஆராய்ச்சிக்காரர், ஆனால் ஆராய்வதற்குத் தம்மிடம் போதிய பூச்சி இல்லை! என்ன செய்வது? விடுமுறை வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். கோபன்ஹேகன், லண்டன், பாரிஸ் என்று சுற்றுவார். யார் வீட்டில் பூச்சி சேகரம் இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். லண்டனில் ஜோசப் பாங்க்ஸ் என்ற செல்வந்தர், கேப்டன் குக்குடன் கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர், பெட்டி பெட்டியாகப் பூச்சிகள் வைத்திருந்தார். அவர் வீட்டுக் கதவு பெப்ரீசியஸுக்குத் திறந்தே இருந்தது.

பூச்சிகள் வேறொருவருக்குச் சொந்தம். எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்தக் காலத்தில் போட்டோ கிடையாது. வர்ணப் படம் எழுதுவிக்கப் பெருஞ்செலவு. ஆகவே ஒவ்வொரு பூச்சியையும் சொல்லாலேயே வாங்கிக்கொண்டு போனார். பத்துப் பன்னிரண்டு லத்தீன் சொற்களுக்குள் ஓர் அடையாளக் குறிப்பு. கீழே சில வரிகளில் வர்ணனை. அவ்வளவுதான். ஆயிரம் மைல் தூரத்தில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு, தம் கையில் இருப்பது அதே பூச்சிதானா என்று சொல்ல வேண்டும்.

சொல் ஒன்று தவறினால் பூச்சியே மாறிப்போகும். மேடு என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த மாதிரி மேடு?

உடம்பில் ஒரு படகு, ஒரு சேவல்

ஒரு வெட்டுக்கிளியை மெதுவாகப் பிடித்து அதன் கழுத்தைப் பாருங்கள். குதிரைச் சேணம் போல ஒரு கவசம் மூடியிருக்கும். அதன் நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு மெல்லிய மேடு ஓடும். கூரையின் முகடு போல இருக்கும். படகைக் கவிழ்த்துப் போட்டால் அடியில் நீளமாக ஒரு கட்டை தெரிகிறதல்லவா? ஏரா என்று சொல்வார்களே, அது போலவும் இருக்கும். லத்தீனில் அந்தக் கட்டைக்குக் கரீனா என்று பெயர். பூச்சி நூலில் அந்த மேட்டுக்கும் அதே பெயர்தான்.

அதே மேடு இன்னும் உயர்ந்து, தனியாகத் தூக்கி நின்றால்? அதற்குக் கிறிஸ்தா. சேவலின் கொண்டை என்று பொருள். அந்துப்பூச்சிகளில் சிலவற்றின் முதுகில் மயிர் குத்திட்டு நிற்கும். லின்னேயஸே அவற்றைக் கொண்டை உள்ளவை, இல்லாதவை என்று பிரித்திருந்தார். அகலமாக, மழுங்கலாக உள்ள மேட்டுக்கு விலா எலும்பின் பெயர்: கோஸ்தா. பள்ளமாக ஓடினால் சுல்குஸ். அது ஏர் உழுத சால். வண்டின் முதுகோட்டில் நூல் இழை போல ஓடும் கீறலுக்கு ஸ்திரியா.

இந்தச் சொற்களை அவர் புதிதாகச் செய்யவில்லை. படகுக்காரரும் உழவரும் கோழி வளர்ப்பவரும் பேசிய பழைய சொற்களே அவை. செடிகளுக்கு லின்னேயஸ் ஏற்கெனவே அவற்றை ஆண்டிருந்தார். பூச்சிகளுக்கென்று ஒழுங்குபடுத்தி, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நிறுத்தப் பாடுபட்டவர் பெப்ரீசியஸ். ஜெர்மன் மொழியில் கீல் என்ற சொல்லுக்கே கப்பலின் அடிக்கட்டை என்று ஒரு பொருள் உண்டு. ஊருக்குப் பெயர் வந்த காரணம் வேறு. ஆனாலும் அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சொல்லை எழுதும்போது பண்டிதர் ஒரு முறையாவது சிரித்திருப்பார்.

நம்முடைய உழவர்களும் சளைத்தவர்கள் அல்ல. நெற்கதிரில் பால் உறிஞ்சும் பூச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் கதிர் நாவாய்ப்பூச்சி. நாவாய் என்றால் கப்பல். வடக்கே ஒருவர் பூச்சியின் முதுகில் படகின் அடிக்கட்டையைப் பார்த்தார். தெற்கே ஒருவர் பூச்சியையே கப்பலாகப் பார்த்தார்.

பூச்சிக்கு ஏன் இந்த மேடெல்லாம்? அழகுக்கு என்று நினைக்கக் கூடாது. பூச்சிக்கு உள்ளே எலும்பு இல்லை. மேல் ஓடுதான் அதற்கு எலும்பும் தோலும். ஓடு கனமாக இருந்தால் பறக்க முடியாது. மெல்லியதாக இருந்தால் நசுங்கிவிடும். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை போன்ற இடங்களில் கொட்டகைகளின் மேல் போட்டிருக்கும் நெளிவுத் தகரத்தைப் பார்த்தால் இதற்கு விடை தெரியும். தட்டையான தகரம் துவண்டு போகும். அதையே நெளித்துவிட்டால் பாரம் தாங்கும். பூச்சியின் மேடும் பள்ளமும் அதே வேலையைச் செய்கின்றன. தட்டானின் கண்ணாடிச் சிறகு கூட உண்மையில் தட்டையாக இல்லை. நரம்புகள் மேடும் பள்ளமுமாக மாறி மாறி ஓடுவதால்தான் காற்றில் கிழியாமல் நிற்கிறது. அதன் மார்பின் முன்பக்கத்திலும் நடுவே ஒரு முகட்டுக் கோடு உண்டு.

சில மேடுகள் வாத்தியமாகவும் ஆகின்றன. இரவில் சுவர்க்கோழி கத்துகிறதே, அது தொண்டையிலிருந்து வருவதல்ல. ஒரு சிறகில் அரம் போன்ற பல் வரிசை. மறு சிறகின் ஓரம் அதை உரசுகிறது. சில சிலந்திகளுக்குத் தாடையின் பக்கத்தில் நெருக்கமான வரி மேடுகள் உண்டு. அவற்றைத் தேய்த்து மெல்லிய ஓசை எழுப்பும். நம் காதுக்குக் கேட்காது. அதன் ஜோடிக்குத் தெரியும்.

தரங்கம்பாடியிலிருந்து போன பெட்டிகள்

புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் இருந்த அதே காலத்தில், தெற்கே தரங்கம்பாடி டென்மார்க்காரரிடம் இருந்தது. 1620 முதல் 1845 வரை அங்கே அவர்கள் கொடி பறந்தது. கப்பலில் மிளகும் துணியும் போயின. கூடவே பூச்சிப் பெட்டிகளும் போயின.

அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் கூனிக் என்ற வைத்தியர். அவரும் லின்னேயஸின் சீடர். 1768-ம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்தார். செடி சேர்த்தார், பூச்சி சேர்த்தார். தஞ்சைச் சீமையின் கரையான் புற்றுகளை ஆராய்ந்து 1779-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜனங்கள் ஈசல் பிடித்து உண்பதையும் அதில் விவரித்தார். பிறகு ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்தார். தாய்நாடு திரும்பாமலேயே 1785-ல் காக்கிநாடா அருகில் இறந்தார்.

இன்னொருவர் தால்டார்ஃப் என்ற இராணுவ அதிகாரி. தரங்கம்பாடியில் 1791-ம் ஆண்டு, மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த பனை மரத்தில் ஒரு மீன் ஏறுவதைக் கண்டதாக எழுதி ஐரோப்பாவையே வாய் பிளக்க வைத்தவர். பனையேறிக் கெண்டைதான் அது. அவரும் ஏராளமான பூச்சிகளை அனுப்பினார்.

இந்தப் பெட்டிகள் கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்தன. பெப்ரீசியஸ் அங்கே போய்த் திறந்து பார்த்தார். நம்முடைய வீட்டிலும் வயலிலும் தோப்பிலும் தினம் காணும் ஜீவன்கள் ஒவ்வொன்றாகப் பெயர் பெற்றன. கட்டெறும்புக்கு 1787-ல் பெயர் வைத்தார். கொம்புத் தேனீக்கும் அதே ஆண்டு. மலைத் தேனீக்கு 1793. மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, புகையிலையையும் நிலக்கடலையையும் மொட்டையடிக்கும் வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சி, பருத்தியில் மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சி, இவை மூன்றும் 1775. தோப்புகளில் பெரிய வலை கட்டும் மரச்சிலந்திக்கும், முதுகில் முள் உள்ள முட்சிலந்திக்கும் பெயர் கொடுத்தவர் அவரே.

வேலமரக் கிளையில் ஒரு சிறு பூச்சி முள்ளைப் போலவே உட்கார்ந்திருக்கும். அதன் கழுத்துக் கவசம் மேலே எழுந்து இரண்டு பக்கமும் கொம்பாக நீண்டிருக்கும். கட்டெறும்புகள் அதைச் சுற்றிச் சுற்றி வரும். அது சுரக்கும் இனிப்புத் தண்ணீருக்காக. 1798-ல் இதற்குப் பெயர் வைத்தபோது பெப்ரீசியஸுக்கு நினைவு வந்தது பனிமான். வடதேசத்தில் கிளைக் கொம்போடு திரியும் மான் அது. அதன் பெயரையே பூச்சிக்கு வைத்துவிட்டார். இதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொன்றுக்கு மட்டும் காளை என்று அர்த்தமுள்ள பெயர் கிடைத்தது. தமிழ்நாட்டு வேலமரத்துப் பூச்சி, பனிமான் பெயரைச் சுமந்துகொண்டு வெயிலில் காய்கிறது!

மொத்தம் 9,776 பூச்சி இனங்களுக்கு அவர் பெயர் வைத்ததாகக் கணக்கு. குரு லின்னேயஸ் பெயரிட்டவை ஏறக்குறைய 3,000. குருவை மிஞ்சிய சீடர் என்று சொன்னால் தவறில்லை. இவ்வளவையும் அவசரத்தில் செய்ததால் குறைகளும் உண்டு. சில வர்ணனைகள் மிகவும் சுருக்கம். ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் வைத்ததும் நடந்திருக்கிறது. பத்து வார்த்தையில் ஒரு ஜீவனை அடக்க முயன்றால் அப்படித்தான் ஆகும்.

சிறையில் ஒரு வண்டு

அவர் பெயர் வைத்த ஒரு வண்டு, ஒரு மனிதருடைய உயிரையே காப்பாற்றியது.

பிரான்சில் புரட்சி மூண்டிருந்த நேரம். பாதிரிகளைப் பிடித்துச் சிறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். லாத்ரேய் என்ற பாதிரியாரும் போர்தோ நகரச் சிறையில் கிடந்தார். பூச்சி ஆராய்ச்சியில் அவருக்கு ஈடுபாடு அதிகம். ஒரு நாள் சிறை வைத்தியர் கைதிகளைப் பார்வையிட வந்தார். எல்லோரும் உயிருக்குத் தவித்துக் கிடக்க, ஒருவர் மட்டும் தரையில் ஊர்ந்த சின்னஞ்சிறு வண்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்! கேட்டபோது, அது அபூர்வமான வண்டு என்று விளக்கம் சொன்னார். பெப்ரீசியஸ் 1775-ல் சிவப்புக் கழுத்து என்று பொருள்படப் பெயர் வைத்த வண்டு அது.

வைத்தியர் அந்த வண்டை வாங்கிக்கொண்டு போய், ஊரில் இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள 15 வயது இளைஞன் ஒருவனுக்குக் கொடுத்தனுப்பினார். சிறையில் கிடப்பவர் எப்பேர்ப்பட்டவர் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. பெரியவர்களைப் பிடித்து விடுதலை வாங்கிக் கொடுத்தான். ஒரு மாதத்துக்குள் அந்தச் சிறையில் இருந்த மற்றவர்கள் இறந்து போனார்கள்.

தப்பித்த லாத்ரேய் பிற்காலத்தில் பிரான்சின் தலைசிறந்த பூச்சி நிபுணர் ஆனார். பெப்ரீசியஸும் அவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். கடைசிக் காலத்தில் பெப்ரீசியஸ் பாரிஸ் நகருக்கு அடிக்கடி போய்த் தங்கியதற்கு அங்கிருந்த சிநேகிதர்களும் ஒரு காரணம்.

தலைநகரில் குண்டு

அப்படிப் பாரிசில் இருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. நெப்போலியன் சண்டை நடந்துகொண்டிருந்த 1807-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகன் மீது குண்டு மாரி பொழிந்தது. நகரம் தீப்பற்றி எரிந்தது. பெப்ரீசியஸ் இளமையில் படித்த நகரம் அது. அவர் பெயரிட்ட பூச்சிகள் பெட்டிகளில் இருந்த நகரமும் அதுதான்.

வயது 62. உடம்பும் தளர்ந்திருந்தது. இருந்தாலும் பாரிசில் இருக்க மனம் வரவில்லை. கீல் நகருக்குத் திரும்பினார். துக்கமும் பிரயாணக் களைப்பும் அவரைப் படுக்கையில் தள்ளின. 1808-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி காலமானார். அவருக்கு வாக்களித்த காட்சிச்சாலை கடைசி வரை வரவே இல்லை.

பூச்சிப் பெட்டிகள் பிழைத்துக்கொண்டன.

கொண்டை சொன்ன சேதி

முதுகு மேட்டுக்குப் பெயர் வைப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. பெப்ரீசியஸ் இறந்து 113 ஆண்டுகளுக்குப் பிறகு அதற்கு ஒரு நல்ல பதில் கிடைத்தது.

படையெடுத்து வந்து பயிரை அழிக்கும் வெட்டுக்கிளிகளில் ஒரு வகைக்கு லின்னேயஸ் 1758-ல் பெயர் வைத்திருந்தார். அதன் கழுத்து மேடு தட்டையாக, நடுவில் சற்றுப் பள்ளமாக இருக்கும். அவரே 1767-ல் இன்னொரு வெட்டுக்கிளிக்கு டென்மார்க்கின் பெயரை வைத்தார். அதன் கழுத்து மேடு வில் போல வளைந்து உயர்ந்திருக்கும். அது தனியாக வாழும், சாது. இரண்டும் வேறு வேறு இனம் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

ரஷ்யாவில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த உவரோவ் என்ற விஞ்ஞானி 1921-ம் ஆண்டில் உண்மையை வெளியிட்டார். இரண்டும் ஒன்றுதான்! தனித்து வளர்ந்தால் கழுத்து மேடு வளைந்து உயர்கிறது. நெருக்கமாகக் கூட்டத்தில் வளர்ந்தால் அது தாழ்கிறது. நிறமும் குணமும் மாறுகின்றன. சாதுவான பூச்சி, படையாகிப் புறப்படுகிறது. ஆகவே வயலில் பிடித்த வெட்டுக்கிளிகளில் கழுத்து மேடு தாழ்ந்து வருகிறதென்றால், கூட்டம் சேருகிறது என்று அர்த்தம். படை கிளம்பும் முன்பே எச்சரிக்கையாகலாம். மேடு தட்டையா, வளைவா என்று முன்னோர்கள் ஒழுங்காக எழுதி வைத்திராவிட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எதுவும் இருந்திராது.

இன்றும் கரீனா எது, கிறிஸ்தா எது என்று நூலுக்கு நூல் சிறு சிறு வேற்றுமை இருக்கிறது. ஒருவர் கொண்டை என்பதை மற்றவர் முகடு என்பார். 1937-ல் அமெரிக்காவில் டோரே-புவேனோ என்பவர் பூச்சி நூல் சொற்களுக்கென்றே ஒரு பெரிய அகராதி வெளியிட்டார். இப்போது கம்ப்யூட்டரிலும் படத்தோடு தொகுக்கிறார்கள். வேலை முடிந்தபாடில்லை.

நம்முடைய மஞ்சள் தட்டானைப் பற்றியும் ஒரு புதுமை வெளிவந்தது. மாலத்தீவில் இருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் இந்தியாவிலிருந்து அவை கூட்டமாகக் கடல் கடந்து வருவதைக் கவனித்தார். வாடைக் காற்றோடு அவை ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-ல் எழுதினார். கப்பலே ஏறாத பண்டிதர்களும் உண்டு. இந்துமகா சமுத்திரத்தைத் தாண்டும் தட்டானும் உண்டு.

தரங்கம்பாடியிலிருந்து போன பூச்சிகளில் பல, கோபன்ஹேகன் காட்சிச்சாலையில் இன்னும் ஊசியில் குத்தியபடியே இருக்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சிலவற்றுக்குக் கால் உதிர்ந்துவிட்டது. சிலவற்றுக்குச் சிறகு இல்லை. ஆனால் ஓட்டில் உள்ள முகடும் சாலும் அப்படியே தெரிகின்றன. ஒரு பெயரைப் பற்றிச் சண்டை வந்தால், ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து, பெப்ரீசியஸ் எழுதிய பத்து வார்த்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூதக் கண்ணாடியால் பார்க்கிறார்கள்.